ஊரைக் கூட்டும் மேளம்

அந்த ஊரின் பெயர் வேண்டாம். ஆர்.கே.பேட்டையில் பஸ் மாறி, மாந்தோப்புகள் முடிந்து கரும்புக் கொல்லைகள் தொடங்கும் இடத்தில் இறங்கினால் வரும் ஊர் என்றால் போதும். ஆந்திர எல்லை அங்கிருந்து கூப்பிடு தூரம். இருநூறு வீடு, ஒரு அம்மன் கோயில், தெருவுக்கு நாலு வீட்டில் விசைத்தறி. ஷோபனா அங்கே முதன்முதலாகப் போனது வைகாசியில், பள்ளிக்கூடம் லீவில் இருந்தபோது.

ஷோபனாவுக்கு முப்பத்திரண்டு வயது. திருத்தணி பஸ் நிலையத்துக்குப் பின்பக்கத் தெருவில் வீடு. புருஷன் நாகராஜனுக்கு அரக்கோணத்தில் லேத் பட்டறை வேலை. சமூகப்பணியில் பட்டம் வாங்கிவிட்டு, கொசு ஒழிப்புக் கணக்கெடுப்பு, கழிப்பறைக் கணக்கெடுப்பு என்று கிடைத்ததையெல்லாம் செய்துகொண்டிருந்தவளுக்கு, சென்னையில் ஒரு ஆய்வு நிறுவனம் ஆறு மாத வேலை கொடுத்திருந்தது. பாட்டு, ஆட்டம், கூத்து இவற்றால் தனி மனிதருக்கு என்ன நன்மை, ஊருக்கு என்ன நன்மை என்று கண்டறிவதுதான் ஆய்வு. பதினோரு ஊர். ஊருக்கு முப்பது பேர். நாற்பத்திரண்டு கேள்விகள். ஒவ்வொரு பதிலுக்கும் ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பெண். ஒன்று என்றால் ஒரு பயனும் இல்லை. ஐந்து என்றால் நிறைய.

‘இக்கலை தங்கள் அக நலத்திற்கு எந்த அளவு பங்களிக்கிறது?’ என்று தாளில் இருக்கும். அதை வாசித்தால் எதிரில் இருப்பவர் எழுந்து போய்விடுவார். ஷோபனா அதைத் தன் பாஷைக்கு மாற்றிக்கொண்டாள். “கூத்து பாத்தா மனசுக்கு எப்படி இருக்குது?” என்று கேட்பாள். ஜனங்கள் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார்கள். நாலு ஊர் இப்படிச் சிரிப்பும் பேச்சுமாக முடிந்தது. இது ஐந்தாவது.

முதல் நாள் அவளிடம் நிறையப் பேசியவர் கஜபதி. லோடு ஆட்டோ ஓட்டுகிறவர், நாற்பத்தைந்து வயசு இருக்கும். திருவிழாக் கூத்தில் ராஜா வேஷம் அவருக்குத்தான். சாதாரணமாகப் பேசினாலே நாலு வீடு தாண்டிக் கேட்கும் குரல். பதினேழாவது கேள்வி, இந்தக் கலை ஊரை ஒன்றுசேர்க்கிறதா என்பது.

“அஞ்சு பத்தாது மேடம். அதுக்கு மேல இருந்தா போட்டுக்கோங்க. கூத்து ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஊரைக் கூட்ட ஒரு மேளம் அடிப்போம். அது காதுல உழுந்திச்சின்னா, சோறு துன்னுகினு இருக்கறவன் கையக் கழுவாம ஓடியாருவான். பேசிக்காத அண்ணந்தம்பி பக்கத்துல பக்கத்துல ஒக்காருவான். ஊரே ஒரே ஆளு மாதிரி ஆயிடும்.”

ஷோபனா அதை அப்படியே எழுதி, ஓரத்தில் ஒரு நட்சத்திரம் போட்டுக்கொண்டாள். அறிக்கைக்கு நல்ல வரி.

மத்தியானம் தறிக்கூடத்து வாசலில் காஞ்சனாவைப் பார்த்தாள். தறி ஓட்டுகிறவள், புருஷன் வெளியூரில் கம்பெனி வேலை, வாரத்துக்கு ஒருமுறைதான் வருவான், ஆறு வயதில் அபி என்று ஒரு மகள். சாப்பாட்டு நேரத்தில் டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டே பதில் சொன்னாள்.

“பன்னெண்டு மணி நேரம் தறி சத்தம் மேடம். அழுதாகூட பக்கத்துல நிக்கறவளுக்குக் கேக்காது. கூத்துல அந்தப் பொம்பள வேஷம் சபையில நின்னு அழுவும் பாருங்க, அப்பதான் நானும் அழுவேன். ஊரே அழுவும். ஏன்டி அழுவறேன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. அந்தப் பத்து நாள் இல்லன்னா எனக்குப் பைத்தியம் புடிச்சிருக்கும்.”

அவளும் எல்லாவற்றுக்கும் ஐந்துதான். அந்த ஊரில் கிட்டத்தட்ட எல்லோருமே ஐந்து.

ஒருத்தி மட்டும் விலக்கு. மேலத் தெருவின் கடைசி வீட்டு அன்னம்மாள். சிமென்ட் ஷீட் போட்ட வீடு, வாசலில் வேர்க்கடலை காய்ந்துகொண்டிருந்தது. ஐம்பத்தெட்டு வயதில், கொல்லை வேலைக்குப் போய்த் தன்னந்தனியாக இருக்கிறவள். அவள் புருஷன் முனியன் உயிரோடு இருந்த வரைக்கும் பெண் வேஷக்காரன்.

“முப்பது வருசம் பொம்பள வேசம் கட்னான் எங்கூட்டுக்காரன்,” என்றாள் அன்னம்மாள், கடலையைக் கையால் பரத்திக்கொண்டே. “அவன் அழுதா ஊரே அழுவும். உழுந்து கும்புடுவாங்க. சபையில அடி வாங்கற பொம்பளையா அழுதுட்டு, விடிஞ்சதும் வந்து என்னை அடிப்பான். ராவெல்லாம் அழுத அதே ஜனம் சுத்தி நின்னு பாத்துகினு இருக்கும். ஒருத்தன் வந்து கையப் புடிச்சதில்ல. எல்லாத்துக்கும் ஒண்ணு போட்டுக்கோ.”

“நாப்பத்திரண்டுக்குமாம்மா?”

“இன்னும் இருந்தா அதுக்கும் போட்டுக்கோ.”

ஷோபனா போட்டுக்கொண்டாள். கணக்கை இது கெடுக்குமே என்றுதான் அப்போது தோன்றியது.

முப்பது பேரை முடிக்க இரண்டு நாள் ஆனது. மூன்றாம் நாள் சின்னப் பிள்ளைகளின் முறை. அவர்களுக்குக் கேள்வி கிடையாது. தாளும் கலர் குச்சியும் கொடுத்து, கூத்தில் பிடித்ததை வரையச் சொல்ல வேண்டும். கோயில் பக்கத்துப் புங்க மரத்தடியில் ஒன்பது பிள்ளைகள் குப்புறப் படுத்து வரைந்தார்கள். அபி ராஜாவின் கிரீடத்தை வீட்டைவிடப் பெரிதாக வரைந்து, ராஜாவுக்கு இடம் இல்லாமல் போனதும் இன்னொரு தாள் கேட்டாள். ஷோபனா ஒவ்வொருவரையும் படத்தோடு நிற்கவைத்து செல்போனில் போட்டோ எடுத்தாள். பெயர், வயது, அப்பா பெயர், தெரு எல்லாம் குறித்துக்கொண்டாள். ஆளுக்கு ஒரு பிஸ்கட் பாக்கெட் கொடுத்து அனுப்பினாள். எல்லாமே ஆய்வு நிறுவனம் கொடுத்த கையேட்டில் சொன்னபடி.

ஒரு வாரமாக அந்தப் பக்கத்து ஊர்களில் செல்போனுக்குச் செல்போன் ஒரு குரல் பதிவு சுற்றிக்கொண்டிருந்தது ஷோபனாவுக்குத் தெரியாது. ‘பிள்ளை பிடிக்கிற கூட்டம் இறங்கியிருக்குது, பொம்பளைங்கள சர்வே எடுக்கற மாதிரி அனுப்பறாங்க, பிள்ளைங்க பேர எழுதிகினு போறாங்க, பாத்தா உடாதீங்க’ என்று யாரோ ஒரு ஆள் பதறுகிற குரல். அதை அனுப்பியவர் யார் என்று எவருக்கும் தெரியாது. எல்லோரும் இன்னொருவருக்கு அனுப்பியிருந்தார்கள்.

இரண்டு மணிக்கு அவள் டீக்கடையில் உட்கார்ந்தபோது பேச்சு நின்றது. நேற்று அப்படி நிற்கவில்லை. கடைக்காரர் டீயை நீட்டும்போது முகத்தைப் பார்க்கவில்லை. பைக்கில் வந்து நின்ற ஒருவன், லுங்கி மூட்டைகள் ஏற்றிப்போகிற விஜயன், வண்டியிலிருந்து இறங்காமலே கேட்டான்.

“எந்த ஊரு?”

“திருத்தணிங்க.”

“திருத்தணில எங்க?”

“பஸ் ஸ்டாண்டு பின்னாடி.”

“தெலுங்கு வருமா? இந்தி?”

“தெலுங்கு கொஞ்சம் வரும். இந்தி தெரியாதுங்க.”

“கார்டு எதுனா கீதா?”

அவள் கழுத்து அட்டையைக் காட்டினாள். எல்லாம் ஆங்கிலத்தில் இருந்தது. அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“உனக்கு எத்தினி புள்ளைங்க?”

இந்தக் கேள்வி அவளுக்குப் பழக்கம்தான். கல்யாணமாகி ஏழு வருஷத்தில் கேட்காதவர் இல்லை. “இல்லீங்க,” என்றாள். அவன் செல்போனை உயர்த்தி அவளை ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு, போய்விட்டான். ‘மேடம், மேடம்’ என்று கூப்பிட்ட ஊர் ‘உனக்கு’ என்றது அவளுக்கு உறுத்தியது. பஸ் மூன்றே முக்காலுக்குத்தான். டீயைப் பாதியில் வைத்துவிட்டு, ரோட்டோரம் இருந்த நிழற்குடைக்குப் போய் உட்கார்ந்தாள்.

மூன்றேகாலுக்கு மேளச் சத்தம் கேட்டது.

அவளுக்கு முதலில் சந்தோஷமாக இருந்தது. இதைச் சொல்லத்தான் வேண்டும். கஜபதி சொன்ன மேளம் இதுதான் என்று அவளுக்குச் சட்டென்று பிடிபட்டது. கூத்துக்கு இன்னும் நாலு நாள் இருக்கிறதே, பழக அடிக்கிறார்களோ என்று நினைத்தாள். செல்போனில் பதிவை ஓடவிட்டு, அதைக் கையில் உயர்த்திப் பிடித்துக்கொண்டு, சத்தம் வந்த திசையில் நடந்தாள். கதவுகள் திறந்தன. ஜனங்கள் ஓடினார்கள். ஒரு பெண் மாவு ஒட்டிய கையோடு ஓடினாள். சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் மனுஷன் என்று ஷோபனா வியந்துகொண்டே வந்தாள்.

அப்புறம்தான் கோயில் மைக் கேட்டது. “காஞ்சனா பொண்ணு அபி, ஆறு வயசு, பச்ச கவுனு. காலையிலேர்ந்து காணோம். சர்வே எடுக்க வந்த பொம்பள பின்னாடி போனதப் பாத்தவங்க இருக்காங்க. எல்லாரும் ஒடனே கோயிலாண்ட வாங்க.”

ஷோபனாவின் கால்கள் நின்றுவிட்டன. மரத்தடியிலிருந்து அபி கையில் படத்தோடு குதித்துக்குதித்து ஓடியது அவள் கண்ணில் வந்தது. எந்தப் பக்கம் ஓடினாள்? வீட்டுப் பக்கமா, ரோட்டுப் பக்கமா? பார்க்கவில்லை. ஐயோ, பார்க்கவில்லையே.

“அதோ!” என்று யாரோ கத்தினார்கள்.

அவளைச் சுற்றி வளைக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. தெரிந்த முகங்கள்தான். நேற்று மோர் கொடுத்தவள், தன் மகன் மேளம் கற்றுக்கொள்கிற பெருமையை அரைமணி நேரம் சொன்னவர், வெட்கப்பட்டுக்கொண்டே ஒரு பாட்டுப் பாடிக் காட்டியவள். ஒருவர் கண்ணிலும் அவளைத் தெரிந்த அடையாளம் இல்லை. யாரோ பையைப் பிடுங்கிக் கவிழ்த்தார்கள். கலர் குச்சி, மீதி பிஸ்கட், பிள்ளைகள் பெயர் எழுதிய தாள் எல்லாம் மண்ணில் விழுந்தன. தலைவலிக்கு வைத்திருந்த மாத்திரை அட்டை விழுந்தது.

“மயக்க மருந்துடா!” என்றான் விஜயன்.

“தலவலி மாத்திரைங்க. பேரப் பாருங்க, படிச்சிப் பாருங்க—”

“போன்ல பாரு, புள்ளைங்க போட்டோதான் பூரா! ஒம்போது புள்ள!”

காஞ்சனா கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்தாள். தலைமுடி அவிழ்ந்திருந்தது, மேலெல்லாம் பஞ்சுத் தூசி. இரண்டு கையாலும் ஷோபனாவின் சட்டையைப் பிடித்து உலுக்கினாள். “எங்கடி என் புள்ள? யாருகிட்டடி குடுத்தே? சொல்லுடி!” என்ன சொன்னாலும் அது அவள் காதில் ஏறாது என்பது ஷோபனாவுக்குத் தெரிந்தது. முதல் அறை விழுந்தது காஞ்சனாவின் கையாலா, வேறு யார் கையாலா என்று பிற்பாடு எவ்வளவு யோசித்தும் அவளுக்கு நினைவு வரவில்லை.

தலைகளுக்கு நடுவே கஜபதி தெரிந்தார். தோளில் மேளம் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது.

“அண்ணா! சொல்லுங்கண்ணா! முந்தாநாளு உங்க ஊட்டுக்கு வந்தேனே, சொல்லுங்கண்ணா!”

கஜபதி சிறுபாலத்துக் கட்டைமேல் ஏறினார். இரண்டு கையையும் உயர்த்தி, “நிறுத்துங்கப்பா! போலீசுக்குச் சொல்லுவோம்! விசாரிக்காம கை வெக்காதீங்க!” என்று கத்தினார். அந்தக் குரலுக்கு ஆயிரம் பேர் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இப்போது பக்கத்தில் நின்றவன்கூடத் திரும்பவில்லை. அவர் மறுபடி கத்தினார். விஜயன் அவர் வேட்டியைப் பிடித்துக் கீழே இழுத்தான்.

“நீ ஏன் துடிக்கற? உனக்கும் பங்கா?”

கஜபதி கீழே விழுந்து எழுந்தார். நாலு பக்கமும் தன்னைப் பார்க்கிற முகங்களைப் பார்த்தார். மேளத்தைக் கழற்றி மார்போடு அணைத்துக்கொண்டு பின்வாங்கினார். அந்த முகத்தில் இருந்த பயத்தைப் பார்த்தபோதுதான் ஷோபனாவுக்கு, தான் செத்துப்போகக்கூடும் என்பது உறைத்தது.

அவள் ஓடினாள். துப்பட்டா யார் கையிலோ இருந்தது. ஒரு செருப்பு போய்விட்டது. ஒரு கல் முதுகில் பட்டது, அடுத்தது புருவத்தில். இடது கண்ணில் ரத்தம் இறங்கியது. எந்தத் தெரு என்று தெரியாமல் நுழைந்தாள். தெரு முடிகிற இடத்தில் கரும்பு நின்றது. கரும்புக்குள் போனால் ஒருத்தரும் வந்து தடுக்க முடியாத இடத்தில் வைத்து முடித்துவிடுவார்கள் என்று புத்தி சொன்னது, கால் நிற்கவில்லை. அப்போது ஒரு கை அவள் பின்னலைக் கொத்தாகப் பிடித்து இழுத்தது. அவ்வளவுதான் என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

இருட்டு. கடலை மூட்டை வாசனை. கதவுத் தாழ்ப்பாள் விழும் சத்தம்.

“கத்தாத,” என்றாள் அன்னம்மாள். “இந்த மூட்டையப் புடி. கதவாண்ட தள்ளு.”

இரண்டு பேருமாக நாலு மூட்டையைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார்கள். வெளியே கூட்டம் வந்து மோதியது. கதவு அதிர்ந்து தூசி கொட்டியது.

“அன்னம்மா! வெளிய அனுப்பு அவள!”

அன்னம்மாள் ஜன்னல் கம்பிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். கையில் கதிர் அரிவாள் இருந்தது. “நேத்து பூரா இவ என் ஊட்ல ஒக்காந்துகினு இருந்தா. இவளப் பத்தி எனக்குத் தெரியும். கதவ ஒடைக்கறவன் யாருன்னு நான் பாத்துகினேதான் இருப்பேன். ஒவ்வொருத்தன் பேரையும் சொல்லுவேன், கோர்ட்ல நின்னு சொல்லுவேன்.”

நேற்று அங்கே உட்கார்ந்திருந்தது முக்கால் மணி நேரம்தான் என்பது ஷோபனாவுக்குத் தெரியும்.

அன்னம்மாளிடம் பட்டன் போன் ஒன்று இருந்தது. நூறுக்கு அடித்தாள் ஷோபனா. விரல் மூன்று தடவை தவறியது. மறுமுனையில் ஒரு பெண் நிதானமாக ஊர், தெரு, அடையாளம் கேட்டாள். “வண்டி அனுப்பறோம்மா,” என்றாள். எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டதற்கு, “வந்துடுவாங்கம்மா,” என்றாள். அடுத்து நாகராஜன் நம்பரை அடிக்கப் பார்த்தாள். ஏழு வருஷமாக அழுத்துகிற நம்பரில் ஒரு எண்கூட நினைவுக்கு வரவில்லை.

கூரைமேல் கற்கள் விழுந்தன. ஒரு ஷீட் விரிசல் விட்டு, அந்தக் கீறல் வழியாக வெயில் கோடாக இறங்கியது. ஷோபனா மூட்டைகளுக்கு நடுவே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வெளியே சத்தத்துக்குள் தனித்தனிக் குரல் கேட்க ஆரம்பித்தது. அதுதான் தாங்க முடியவில்லை. இது மோர் கொடுத்தவள். இது பாட்டுப் பாடியவள். மூன்றாவதாக ஒரு ஆண் குரல், “வண்டிலேர்ந்து பெட்ரோலு எடுடா,” என்றது.

அன்னம்மாள் அதைக் கேட்டாள். குடத்துத் தண்ணீரை எடுத்து இரண்டு சாக்கை நனைத்து, ஒன்றை ஷோபனாவின்மேல் போட்டாள். மற்றொன்றைத் தான் போர்த்திக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் உடம்பும் நடுங்குவது ஈரச் சாக்கு வழியாகத் தெரிந்தது.

“உங்களுக்கு எதுக்கும்மா இது?” என்று ஷோபனா கேட்டாள்.

“பேசாத கண்ணு. ஒக்காரு.”

எவ்வளவு நேரம் என்று சொல்ல முடியாது. போலீஸ் பதிவுப்படி மொத்தமே ஐம்பது நிமிஷம்தான். திடீரென்று சத்தம் குறைந்தது. முன் வரிசையில் முதலில், பிறகு பின்னால். கடைசியில் ஒன்றுமே கேட்கவில்லை. ஷோபனாவுக்கு அந்த அமைதிதான் எல்லாவற்றையும்விடப் பயங்கரமாக இருந்தது. கொண்டுவந்துவிட்டார்கள், ஊற்றுகிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தாள். தீயின் வாசனைக்காக மூக்கு தவித்தது. ஒரு பெண் ஓவென்று அழும் சத்தம் கேட்டது. பிறகு ஓடுகிற காலடிகள், ஒரு பைக் கிளம்பும் சத்தம், இன்னொன்று.

கதவை யாரோ மெல்லத் தட்டினார்கள். “மேடம், நான் கஜபதி. புள்ள கெடச்சிடுச்சி மேடம். பொதட்டூர்பேட்டைல அத்த ஊட்ல கீதாம். கதவத் தொறங்க.”

“போலீசு வரட்டும்,” என்றாள் அன்னம்மாள்.

“நெசமாத்தான் அன்னம்மாக்கா.”

“போடா.”

நடந்தது இதுதான். காஞ்சனாவின் நாத்தனார் மோனிகா காலையில் ஸ்கூட்டியில் வந்திருக்கிறாள். அண்ணி தறிக்கூடத்தில் இருந்ததால், வழியில் படத்தோடு ஓடிவந்த அபியைத் திருவிழாவுக்குக் கவுன் எடுத்துத் தர அழைத்துக்கொண்டு போயிருக்கிறாள். பக்கத்து வீட்டில் சொல்லியிருக்கிறாள். அந்த வீட்டுக்காரி அரக்கோணம் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிவிட்டாள். மோனிகாவின் போனில் சார்ஜ் இல்லை. கடையில் போனைச் சொருகி உயிர் வந்ததும் முப்பத்தொரு அழைப்புகள் தவறியிருப்பதைப் பார்த்துவிட்டு அலறிக்கொண்டு கூப்பிட்டிருக்கிறாள். யார்மேலும் ஒரு குற்றம் சொல்ல முடியாதபடி இவ்வளவும் நடந்திருந்தது.

ஜீப் வந்தபோது தெருவில் ஒருவரும் இல்லை. செருப்புகள் கிடந்தன. ஒரு ஜோடி சின்னச் செருப்பும் கிடந்தது. ஒரு பிள்ளையும் கல் எறிய வந்திருந்தது போல. சப்-இன்ஸ்பெக்டர் நல்ல மாதிரி. தண்ணீர் கொடுத்து உட்காரவைத்துவிட்டு, “யார் யார் அடிச்சாங்கன்னு சொல்ல முடியுமா?” என்று கேட்டார். மண்ணிலிருந்து பொறுக்கி ஜீப்பில் வைத்திருந்த அவள் தாள்களிலேயே முப்பது பெயர் இருந்தது, வயது, தெருவோடு. ஜன்னல்களுக்குப் பின்னால் ஊர் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்கிறது என்று அவளுக்குத் தோன்றியது. “தெரியல சார்,” என்றாள். “யாரும் தெரிஞ்ச முகமா இல்ல.” அன்னம்மாள் அவளை ஒரு முறை பார்த்துவிட்டு, சிதறிய கடலையைக் குனிந்து பொறுக்க ஆரம்பித்தாள்.

புருவத்தில் நாலு தையல். நாகராஜன் ஒரு வாரம் பட்டறைக்குப் போகவில்லை. ‘இந்த வேலை வேணாம்’ என்று ஒருமுறை சொன்னான். மறுபடி சொல்லவில்லை. சென்னையிலிருந்து ஆய்வுத் தலைவி வீடியோவில் வந்து கண் கலங்கினார். அந்த ஊரின் தாள்களை விட்டுவிடலாமா என்று ஷோபனா கேட்டாள். வேண்டாம், முப்பதும் முழுசாக இருக்கிறதே என்றார். பதினேழாவது கேள்விக்கு அந்த ஊரின் சராசரி நாலு புள்ளி எட்டு. ஷோபனா அதையே பதிவு செய்தாள். கீழே, அன்று நடந்ததை ஒரு பக்கத்தில் எழுதினாள். அந்தப் பக்கம் அறிக்கையின் பின்னிணைப்புக்குப் போனது. பிறகு பின்னிணைப்பிலிருந்தும் போனது.

ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி முழுக்கக் காவடி. பிறந்ததிலிருந்து கேட்ட பம்பை மேளச் சத்தம்தான். அந்த வருஷம் முதல் காவடி தெருவுக்குள் திரும்பியதும் ஷோபனா குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, குழாயைத் திறந்துவிட்டு, தரையில் உட்கார்ந்துகொண்டாள். மூன்று நாளும் அப்படித்தான். நாகராஜன் வெளியே கதவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எதையாவது பேசிக்கொண்டிருப்பான். ‘வாளி நிறஞ்சிடுச்சி பாரு’ என்பான். அவளுக்கு அவன் குரல் மட்டும் போதுமாக இருந்தது.

ஆவணியில் ஒரு நாள், அவனிடம் சொல்லாமல், அந்த ஊருக்குப் பஸ் ஏறினாள். அன்னம்மாளை ஒருமுறை பார்க்காவிட்டால் உறக்கம் வராது போலிருந்தது. ஆர்.கே.பேட்டையில் பஸ் மாறும்போது ஒரு பஸ்ஸை விட்டுவிட்டு அடுத்ததில் ஏறினாள். இறங்கியதும் டீக்கடைக்காரர் பார்த்தார், சட்டென்று உள்ளே போய்விட்டார்.

அன்னம்மாள் கதவைத் திறந்தாள். உட்காரச் சொல்லவில்லை. கூரையில் அந்த ஷீட் இன்னும் மாற்றாமல், பிளாஸ்டிக் தாள் போட்டுக் கட்டியிருந்தது. ஆள் இளைத்திருந்தாள்.

“நல்லா கீறீங்களாம்மா?”

“ஆங், கீறேன். நூறு நாள் வேலைக்கு எந்த செட்டுலயும் சேத்துக்க மாட்டறாளுங்க. கொழாயாண்ட போனா கொடத்த எடுத்துகினு நகந்துடறாளுங்க. திட்டனாகூட பரவால்ல. ஒண்ணும் சொல்றதில்ல.”

“என்னாலதான்.”

“உன்னால இல்ல. என்னப் பாத்தா அவங்களுக்கு அன்னிக்கி நெனப்பு வந்துடுது.” தெருவைப் பார்த்தாள். எதிர் வீட்டு ஜன்னலில் ஒரு நிழல் அசைந்தது. “கண்ணு, நீ வந்தது சந்தோசம்தான். ஆனா இனிமே வராத. நீ வந்துட்டுப் போனா, என்ன சாட்சியா வெச்சி நீ கேஸ் போட வந்தேன்னு பேசுவாங்க. பகல்ல எனக்குப் பயமில்ல. ராவுலதான். ஒண்டியாக் கீறேன், பாரு.”

அவள் முதன்முறையாகப் பயம் என்ற சொல்லைச் சொன்னாள். எங்கள் வீட்டுக்கு வந்துவிடுங்கள் என்று ஷோபனா சொன்னாள். அன்னம்மாள் அதை ஒரு குழந்தை சொன்ன பேச்சு போலக் கேட்டுக்கொண்டு, இரண்டு படி வேர்க்கடலையைத் துணிப்பையில் கட்டிக் கொடுத்து, “பஸ்ஸ உட்டுடாத,” என்றாள்.

நிழற்குடையில் காஞ்சனா நின்றுகொண்டிருந்தாள். செய்தி அதற்குள் போயிருக்க வேண்டும். தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கிறாள், கையில் நூல் ஒட்டியிருந்தது. பக்கத்தில் அபி. ஷோபனா தன்னை அறியாமல் இரண்டடி பின்னால் போனாள். காஞ்சனா அதைப் பார்த்தாள். அவள் முகம் ஒரு மாதிரி ஆயிற்று.

“மேடம்,” என்றாள். புருவத்துத் தழும்பைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். “அன்னம்மா அத்தைக்கு நான் ராவுல சோறு கொண்டுபோயி குடுக்கறேன் மேடம். ஒருத்தருக்கும் தெரியாம. அத சொல்லத்தான் வந்தேன்.”

“பகல்ல குடுங்க,” என்றாள் ஷோபனா. “எல்லாரும் பாக்கற மாதிரி குடுங்க.”

காஞ்சனா தலையை ஆட்டினாள். முடியும் என்றா, முடியாது என்றா, தெரியவில்லை. பிறகு மகளின் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். “அபி, அக்காடி. கலர் குச்சி குடுத்த அக்கா. வணக்கம் சொல்லு.”

அபி நிமிர்ந்து பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் முகம் கோணி, வீறிட்டு அழுதுகொண்டு, அம்மாவின் புடவைக்குள் புகுந்துகொண்டாள். காஞ்சனா இழுக்க இழுக்க அவள் இன்னும் இறுக்கிக்கொண்டாள். “ஒண்ணும் பண்ண மாட்டாங்கடி, ஒண்ணும் பண்ண மாட்டாங்க,” என்று காஞ்சனா சொல்லிக்கொண்டே இருந்தாள். டீக்கடையிலிருந்து இரண்டு பேர் எழுந்து எட்டிப் பார்த்தார்கள்.

“இழுக்காதீங்க,” என்றாள் ஷோபனா. “உட்டுடுங்க, அழட்டும்.”

பஸ் வந்தது. பிள்ளையின் பக்கம் பார்க்காமல், ரோட்டின் மறு ஓரமாகச் சுற்றிப் போய் அவள் ஏறிக்கொண்டாள். வண்டி கரும்புக் கொல்லைகளைத் தாண்டும்வரை அந்த அழுகை கேட்டது. கண்டக்டர் எங்கே என்று இரண்டு முறை கேட்ட பிறகுதான் திருத்தணி என்று சொன்னாள்.